சென்சாரில் தூசி: படமெடுக்கப் போன இடத்தில் என்ன செய்வது?

தனுஷ்கோடியில் சூரியன் எழுந்து பத்து நிமிடம் இருக்கும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மிச்சமாக நிற்கும் தேவாலயச் சுவர்களுக்கு முன்னால் டிரைபாடை ஊன்றி, நானும் என்னிடம் படமெடுக்கப் பழகும் ஒரு தம்பியும் நின்றிருந்தோம். அவன் கேமரா வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எடுத்த படத்தைப் பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தவன், “அண்ணே, வானத்துல புள்ளி புள்ளியா இருக்கு, பறவையா?” என்றான். அடுத்த படத்தைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அதிலும் அதே இடங்களில் அதே ஏழு புள்ளி. அதற்கடுத்ததிலும் அப்படியே. பறவைக் கூட்டம் மூன்று படத்துக்கும் ஒரே இடத்தில் நிற்காது.

“சென்சார்ல, அதான் லென்ஸுக்குப் பின்னால படம் விழுற தகட்டுல தூசிடா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் லென்ஸைக் கழற்றத் திருகிவிட்டான். இன்னொரு கை சட்டை நுனியைத் தேடியது. கையைப் பிடித்து நிறுத்தினேன். காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் கேமராவின் வாயைத் திறந்திருந்தால் ஏழு புள்ளி எழுபதாகியிருக்கும். சட்டைத் துணியால் துடைத்திருந்தால் செலவு அதைவிடப் பெரிதாக வந்திருக்கும்.

அன்றைக்கு மணலில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் இது என்றைக்காவது நடக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். அந்தப் புள்ளி எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொண்டால், வெளியில் இருக்கும்போது என்ன செய்யலாம், எதைக் கண்டிப்பாகச் செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சென்சாரில் தூசி என்று சொன்னாலும், தூசி உண்மையில் சென்சாரின் மேல் உட்காருவதில்லை. ஒளியை வாங்கும் பகுதிக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வடிகட்டிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பது போன்ற வேலைகளுக்காக அதை வைத்திருக்கிறார்கள். தூசி உட்காருவது அந்தக் கண்ணாடியின் மேல்தான். ஆகவே படத்தில் நாம் பார்ப்பது தூசியை அல்ல, தூசியின் நிழலை.

நிழல் என்றதும் விஷயம் எளிதாகிவிடுகிறது. மொட்டை மாடியில் கொடியில் ஒரு சட்டை காய்கிறது. நல்ல வெயிலில் அதன் நிழல் தரையில் கத்தரித்து ஒட்டியதுபோல் விழும். மேகம் வந்து வானத்தை மூடிவிட்டால் சட்டை அங்கேயேதான் இருக்கும், நிழல் மட்டும் கரைந்துபோகும். வெயிலில் ஒளி சூரியன் என்ற ஒரு சின்ன வட்டத்திலிருந்து வருகிறது. மேகமூட்டத்தில் வானம் முழுவதிலிருந்தும் பல திசைகளில் வந்து, சட்டைக்கு அடியிலும் புகுந்துவிடுகிறது.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரும் இதே வேலையைத்தான் செய்கிறது. எஃப்/2.8, எஃப்/4 என்று அகலமாகத் திறந்திருக்கும்போது ஒளி பல திசைகளிலிருந்து வந்து தூசியைச் சுற்றிக்கொண்டு சென்சாரை அடைந்துவிடும். நிழல் பரந்து, வெளுத்து, கண்ணுக்குத் தெரியாமல் போகும். எஃப்/16, எஃப்/22 என்று துளையைச் சுருக்கினால் அது வெயில் நேரம் மாதிரி. நிழல் இறுகிக் கறுப்புப் புள்ளியாகிவிடும்.

எண்ணாகப் பார்ப்போம். கண்ணாடியின் மேற்பரப்பு சென்சாரிலிருந்து 1.5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, தூசி 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவு. எஃப்/16இல் அந்தக் கண்ணாடியைக் கடக்கும் ஒளிக்கற்றையின் அகலம் 1.5ஐ 16ஆல் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 0.09 மில்லிமீட்டர். அதில் 0.05 மில்லிமீட்டர் தூசி குறுக்கே நின்றால் பரப்பில் கால் பங்குக்கு மேல் அடைத்துவிடும். நீல வானத்தில் கால் பங்கு வெளிச்சம் குறைந்த இடம் பளிச்சென்று தெரியும். அதே தூசி எஃப்/4இல்? ஒளிக்கற்றை 0.37 மில்லிமீட்டருக்கு விரிந்துவிடும். தூசி மறைப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதனால்தான் கல்யாணங்களில் எஃப்/2.8லேயே ஆயிரம் ஆயிரமாகப் படமெடுப்பவருக்குத் தன் கேமராவில் தூசி இருப்பது மாதக்கணக்கில் தெரியாது. அவரே ஒருநாள் மலைக்கோ கடலுக்கோ போய் எஃப்/16 வைத்து வானத்தை எடுத்ததும் அதிர்ந்துபோவார். தூசி அன்றைக்கு வந்ததில்லை, முன்பே இருந்ததுதான்.

வானத்தில்தான் அதிகம் தெரிகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகப் போடுகிறது. படத்தில் மேலே உள்ள வானம் சென்சாரின் அடிப்பக்கத்தில் விழுகிறது. கேமராவுக்குள் அலையும் தூசி மெல்லக் கீழே இறங்கிச் சேருவதும் அங்கேதான். லென்ஸைக் கழற்றி, கேமராவை நேராகப் பிடித்து முன்னாலிருந்து சென்சாரைப் பார்த்தால், படத்தில் மேலே இடது மூலையில் கண்ட புள்ளி சென்சாரின் கீழே இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மட்டும் மாறும், இடம் வலம் மாறாது. பின்னால் சுத்தம் செய்யும்போது இந்தக் கணக்கு உதவும்.

சரி, புள்ளி சென்சாரில்தானா, வேறு எங்காவது இருக்கிறதா? லென்ஸை மாற்றிய பிறகும் அதே இடத்தில் புள்ளி நின்றால் சென்சார்தான். லென்ஸின் முன்கண்ணாடியில் உள்ள தூசி பொதுவாகப் படத்தில் புள்ளியாகத் தெரியாது. சூரியனை நோக்கி எடுக்கும்போது மட்டும் மங்கலான வெளிச்சத் திட்டுகளாகத் தெரியும். அதைத் துடைத்தால் போய்விடும். டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே மிரர் வைத்த கேமராவில், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் தெரிகிறது, படத்தில் இல்லை என்றால் அது ஃபோகஸிங் ஸ்கிரீன் என்னும் உள்திரையில் உட்கார்ந்த தூசி. படத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம்.

சோதித்துப் பார்க்க வெளியிலேயே ஒரு நிமிடம் போதும். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/16 அல்லது எஃப்/22. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, வேண்டுமென்றே கலங்கலாக்குங்கள். மேகம் இல்லாத வானத்துண்டை நோக்கி, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இருமடங்காகும்படி, கூட்டி, கேமராவை லேசாக அசைத்தபடி ஒரு படம் எடுங்கள். அசைத்தால் வானத்தில் உள்ள எதுவும் கலைந்துவிடும். தூசி மட்டும் அசையாது, ஏனென்றால் அது கேமராவோடு சேர்ந்தே நகர்கிறது. பிறகு பின்திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு மூலையில் தொடங்கி வயலில் ஏர் ஓட்டுவதுபோல் வரிவரியாகப் பாருங்கள். படமெடுக்கத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட்டால், வீட்டுக்கு வந்து முந்நூறு படத்தைத் திறந்த பிறகு அதிரவேண்டியதில்லை. நாங்கள் அன்றைக்கு அதைச் செய்யாமல் இருட்டோடு நேராகப் படமெடுக்கத் தொடங்கியிருந்தோம்.

இனி வெளியிடத்தில் செய்யவேண்டியவை. நான் தம்பியிடம் முதலில் சொன்னது, “லென்ஸை இறுக்கி மாட்டு, எஃப்/8க்கு வா” என்பதுதான். முதல் வைத்தியம் அதுதான், காசும் செலவில்லை. அகலக்கோண லென்ஸில், முன்னால் உள்ள கல்லும் தூரத்துச் சுவரும் சேர்ந்து கூர்மையாக வர எஃப்/8 பெரும்பாலும் போதும். எஃப்/16க்குப் போனாலே, சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் கூர்மை குறையவும் தொடங்கும். நிறையப் பேர் பழக்கத்தால்தான் எஃப்/16க்குப் போகிறார்கள். அவன் எஃப்/8இல் எடுத்த படத்தில் ஏழு புள்ளியில் இரண்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அலையைப் பட்டுப்போல் வழுவழுப்பாக்க நீண்ட எக்ஸ்போஷர் வேண்டும், அதற்காகத்தான் எஃப்/22 என்று சிலர் சொல்வார்கள். அதற்கு என்டி ஃபில்டர் இருக்கிறது. ஒளியைக் குறைக்கும் வேலையை அந்தக் கண்ணாடியிடம் விட்டுவிட்டு அப்பர்ச்சரை எஃப்/8லேயே வைத்துக்கொள்ளலாம். வீடியோ எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்கவேண்டும். நல்ல வெயிலில் ஷட்டரை 1/50 நொடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் அதிகமென்று எஃப்/16க்குச் சுருக்கினால், கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது வானத்தோடு சேராமல் புள்ளி மட்டும் திரையில் ஒட்டிக்கொண்டு வரும். புகைப்படத்தில் ஒரு நொடியில் அழிப்பதை வீடியோவில் அழிப்பது பெரிய வேலை.

சட்டகத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் பலன் உண்டு. புள்ளி எங்கே என்று தெரிந்துவிட்டது அல்லவா? அந்த இடத்தில் வெறும் வானத்துக்குப் பதில் இடிந்த சுவரோ பனைமரமோ வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கரடுமுரடான பரப்பில் தூசி நிழல் கலந்துவிடும். வழியே இல்லை, வானம்தான் வேண்டும் என்றால் எடுத்துவிடுங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருளில் புள்ளிகளைக் கறுப்பு வெள்ளையாகத் துலக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. ஒரு படத்தில் அழித்துவிட்டு அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் ஒட்டிக்கொள்ளலாம். எல்லாப் படத்திலும் புள்ளி ஒரே இடத்தில் இருப்பது அப்போது நமக்குச் சாதகம்.

அப்புறம் கேமராவே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி. 2003இல் ஒலிம்பஸ் தன் இ-1 கேமராவில் இதை முதலில் கொண்டுவந்தது. சென்சாருக்கு முன்னால் உள்ள மெல்லிய கண்ணாடியை நொடிக்கு 30,000 தடவைக்கு மேல் அதிரவைத்து, தூசியை உதறிவிடும் ஏற்பாடு. இன்றைக்குப் பெரும்பாலான கேமராக்களின் மெனுவில் சென்சார் கிளீனிங் என்ற பெயரில் ஏதோ ஒரு வகையில் இது இருக்கிறது. லென்ஸைக் கழற்ற வேண்டாம். கேமராவை வழக்கம்போல் நேராக வைத்து இரண்டு மூன்று முறை ஓடவிடுங்கள். உலர்ந்த, லேசான தூசி உதிர்ந்துவிடும். ஈரத்தோடு ஒட்டியதும் எண்ணெய்ப்பசை உள்ளதும் அசையாது. தம்பியின் கேமராவில் இரண்டு முறை ஓடவிட்டதில் ஏழில் ஒன்று காணாமல் போனது.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு பெரிய புள்ளி முக்கியமான இடத்தில் நிற்கிறது என்றால்தான் ப்ளோயருக்குப் போகவேண்டும். ரப்பர் பந்தைப் பிதுக்கினால் காற்று வரும் அந்தச் சின்னப் பொருள், இருநூறு முந்நூறு ரூபாய் விலையில்கூடக் கிடைக்கும். என் பையில் லென்ஸ் இல்லாமல் போனாலும் போவேன், அது இல்லாமல் போகமாட்டேன். அதை ஜிப் கவரில் போட்டு வைத்திருப்பேன். பையின் அடியில் சும்மா உருண்டுகொண்டிருக்கும் ப்ளோயர் மணலை உறிஞ்சி வைத்திருந்து, அப்படியே சென்சார்மேல் துப்பும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் பாதி வேலை. கடற்கரையில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். காருக்குள் போங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் காற்று வரும் துளைகளையும் அடைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். நீங்கள் ஏறும்போது கிளம்பிய தூசி அடங்கட்டும். பேட்டரி நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில், சென்சாருக்கு முன்னால் நிற்கும் மிரரைத் தூக்கி நிறுத்தும் சுத்தம் செய்யும் முறைக்குப் போகவேண்டும். பாதியில் பேட்டரி தீர்ந்தால் மிரரும் ஷட்டரும் விழுந்துவிடும். மிரரே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் சில மாடல்கள், 2018இல் வந்த கேனன் இஓஎஸ் ஆர் போல, அணைத்ததும் ஷட்டர் திரையை மூடிக்கொள்ளும். தூசிக்கு நல்ல தடுப்பு. ஆனால் அந்தத் திரை மிக மெல்லிய தகடு. விரல் பட்டாலே வளையலாம். ஆகவே அதன்மேல் ஊதாமல், சுத்தம் செய்யும் முறையில் திரையைத் திறந்த பிறகே ஊதவேண்டும்.

ப்ளோயரை முதலில் நான்கைந்து தடவை வேறு பக்கம் பிதுக்குங்கள். அதற்குள் இருக்கும் தூசி போகட்டும். பிறகு கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழிருந்து மேலே ஊதுங்கள். உதிரும் தூசி தானாகக் கீழே விழும். ப்ளோயரின் மூக்கு கேமராவின் வாய் விளிம்பைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. பத்துப் பதினைந்து பிதுக்கல் போதும். மாட்டுவதற்கு முன் லென்ஸின் பின்கண்ணாடியையும் அதன் உலோக வளையத்தையும் ஊதிவிடுங்கள். பல நேரம் தூசி அங்கிருந்துதான் உள்ளே வருகிறது. பின்மூடிக்குள் ஒட்டியிருக்கும் சட்டைப்பைப் பஞ்சும் அப்படித்தான். லென்ஸ் மாட்டியிருக்கும் நேரத்தில் கேமரா மூடியையும் லென்ஸ் பின்மூடியையும் ஒன்றோடொன்று திருகி வைத்துக்கொண்டால் இரண்டின் உட்பக்கமும் சுத்தமாக இருக்கும்.

செய்யக்கூடாதவற்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவசரத்தில் கை தானாகப் போவது அங்கேதான். வாயால் ஊதாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளிகள் கண்ணாடியில் காய்ந்து கறையாகிவிடும், பிறகு ஊதினால் போகாது. கம்ப்யூட்டருக்கு அடிக்கும் டப்பாக் காற்றும் வேண்டாம். உள்ளே இருப்பது திரவம். சாய்த்துப் பிடித்தால் அது உறைகுளிர்ச்சியோடு பீறிட்டுக் கண்ணாடியில் படியும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஒரு அடி அடித்து வாங்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கும், வேகமும் தாங்காது. இயர் பட்ஸ், கைக்குட்டை, லென்ஸ் துடைக்கும் துணி எதுவுமே கூடாது. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது கண்ணாடியைவிடக் கடினமானது. ஒரு மணல் துகள் இருக்கும்போது துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கீறல் நிரந்தரம்.

இதே காரணத்தால்தான் ஸ்வாப் என்னும் துடைப்பானை வெளியிடத்தில் எடுக்கவேண்டாம் என்கிறேன். அது தப்பான கருவி இல்லை. வீட்டில் நானே செய்கிறேன். ஃபுல்ஃபிரேம் சென்சாருக்கு 24 மில்லிமீட்டர் அகலம், அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மில்லிமீட்டர் அகலம் என்று சென்சாரின் உயரத்துக்குப் பொருத்தமாக விற்கிறார்கள். ஃபேன் அணைத்த அறையில், முதலில் நன்றாக ஊதிவிட்டு, அதற்கென்றே உள்ள திரவத்தில் இரண்டு துளி விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே இழுப்பு. மறுபக்கத்தைத் திருப்பி, திரும்பி வர ஒரே இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாப்பைத் தூக்கிப் போட்டுவிடவேண்டும். மிச்சம் பிடிக்க அதையே மறுபடி பயன்படுத்தினால் அதில் ஒட்டியிருக்கும் துகளே கீறிவிடும். கை நடுக்கத்தை ஈடுகட்ட சென்சாரே அசையும் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமராவில் இன்னும் மென்மையாகச் செய்யவேண்டும். கை நடுங்கும் குளிரிலோ, காற்றிலோ, விடியலைத் தவறவிடும் அவசரத்திலோ முதல்முறையாகச் செய்துபார்க்கிற வேலை இல்லை இது.

உப்புக் காற்றைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மணலைவிட எனக்கு அதுதான் கவலை. அலைத் திவலை காற்றில் வந்து உள்ளே படிந்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ப்ளோயருக்கு அசையாது. கடலோரம் போகும்போது எந்த லென்ஸ் வேண்டும் என்பதை அறையிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேமராவை அணைத்து, வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்து, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். பெரிய துண்டை மேலே போர்த்திக்கொள்வது இன்னும் நல்லது. ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தால் கேமராவைக் கால் மணி, அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவையுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் பூக்கும் அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் முன்னாலும் பூக்கும், பறக்கிற தூசி அதில் சேறாக ஒட்டும்.

எல்லாத் தூசியும் வெளியிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷட்டர் இயங்கும்போது உள்ளிருந்தே நுண்துகளும் எண்ணெய்த் துளியும் தெறிப்பதுண்டு. 2012இல் வந்த நிக்கான் டி600 இதற்காகவே பேசப்பட்டது. அடுத்த ஆண்டே டி610 வந்தது. 2014இல் டி600 வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகப் பரிசோதித்து ஷட்டரை மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. ஊதினாலும் நகராத வட்டமான புள்ளிகள், சுத்தம் செய்த சில நாட்களில் மறுபடி மறுபடி அதே பக்கம் வருகின்றன என்றால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அது நம் கவனக்குறைவு இல்லை.

தம்பியின் கதைக்கு வருகிறேன். மீதி விடியலை எஃப்/8இல் எடுத்தோம். கடலைப் பார்த்த படங்களில் புள்ளி விழும் மூலையில் இடிந்த வளைவு ஒன்று வரும்படி டிரைபாடை நகர்த்திக்கொண்டோம். ராமேஸ்வரத்தில் அறைக்குத் திரும்பி, ஃபேனை நிறுத்தி, குளியலறைப் பக்கம் உட்கார்ந்து அவனையே ஊதச் சொன்னேன். முதல் தடவை பயந்து பயந்து பிதுக்கினான். பிறகு வெள்ளைச் சுவரை நோக்கி எஃப்/22இல் ஒரு படம். நான்கு போய், இரண்டு பாக்கி. ஒன்று வலது ஓரத்தில், இன்னொன்று மேலே நடுவுக்குப் பக்கத்தில். இரண்டும் எங்கே இருக்கின்றன என்று தன் போனில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டான். “துடைச்சிடலாமாண்ணே?” என்று ஒருமுறை கேட்டான். ஊருக்குப் போய் ஸ்வாப் வாங்கிச் செய்வோம் என்றேன். மறுநாள் தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனையில் அந்த இரண்டு புள்ளிகளோடுதான் எடுத்தான், எஃப்/8இல்.